கடுகளவு ஷார்ட்

கடைத்தெருவில் அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. முன்பாதியில் அவள் கணவர் நகலெடுக்கும் இயந்திரம் வைத்திருந்தார். பின்பாதி அவளுடையது: ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், எப்போதும் கையிலிருக்கும் ஒரு மல்டிமீட்டர், உயிர் போன லேப்டாப்கள் முப்பது. இந்த வேலையை அவள் யாரிடமும் போய்க் கற்கவில்லை. தன் லேப்டாப்பைத் தானே பிரித்துக் கெடுத்து, சரிசெய்யப் போய் இன்னும் கெடுத்து, மூன்றாம் தடவை ஓடவைத்தாள். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

கை சுத்தம், வாக்குச் சுத்தம், எல்லாம் உண்டு. 'தப்பு' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. ஒரு நாள் மேல்சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கணவர் மெதுவாகச் சொன்னார். "தெரியும்" என்றாள். சாயங்காலம் வரை அப்படியேதான் இருந்தாள்.

நாத்தனாரோடு பேச்சு நின்றதும் இதனால்தான். மூன்று வருடத்துக்கு முன் நாத்தனார் வீட்டு வாஷிங் மிஷின் நின்றுபோனது. மீட்டரக்கா போய், மூடியைக்கூடத் திறக்காமல், காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மோட்டார் போச்சு அண்ணி, தூக்கிப் போட்டுடுங்க" என்றாள். பழைய சாமான் வாங்குகிறவர் வந்து எடுத்துப்போனார். அவர் வீட்டில் பிளக்கை மாற்றினார்கள். மிஷின் ஓடியது. இன்றும் ஓடுகிறது. நாத்தனார் விசாரித்தபோது மீட்டரக்கா சொன்ன பதில்: "நான் பார்த்தப்ப அது போயிருந்துச்சு."

அதற்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டு விசேஷத்தில்கூட வேறு வேறு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அப்படிப்பட்ட நாத்தனார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை வாசலில் வந்து நின்றார், மார்போடு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர் தொழில். நூற்று நாற்பது நோயாளிகளின் குறிப்பு அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கடைகளில் போர்டு போய்விட்டது என்று கைவிரித்துவிட்டார்கள்.

"தம்பி, சார்ஜ் ஏற மாட்டேங்குதுன்னு அவகிட்ட சொல்லு" என்றார்.

அவள் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். கணவர் திரும்பினார். "சார்ஜ் ஏற மாட்டேங்குதாம்."

"ஏதாவது கொட்டிச்சான்னு கேளுங்க."

"அக்கா, ஏதாவது கொட்டிச்சா?"

"ஒண்ணும் கொட்டல."

"ஒண்ணும் கொட்டலயாம்."

நடுவில் ஒருவர் வந்து பன்னிரண்டு நகல் கேட்டார். அவர் போகும்வரை விசாரணை நின்றது.

மீட்டரக்கா சார்ஜரைச் செருகினாள். சார்ஜரில் எரிந்த விளக்கு உடனே அணைந்தது. பிடுங்கினாள், கொஞ்ச நேரத்தில் எரிந்தது. உள்ளே எங்கோ ஷார்ட். வருகிற மின்சாரம் முழுவதும் வேலை எதுவும் செய்யாமல் நேராகப் போர்டின் கிரவுண்டுக்கு ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்டை வெளியே எடுத்து, சார்ஜரிலிருந்து மின்சாரம் வரும் வழியில் மீட்டரின் ஒரு முனையையும் கிரவுண்டில் மறுமுனையையும் வைத்தாள். மீட்டர் கீயென்று கத்தியது. கத்தக்கூடாத இடம்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். சார்ஜ் சிப்புக்குப் பக்கத்தில் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று, ஓரத்தில் கருத்திருந்தது.

"இதுதான். சந்தேகமே இல்லன்னு சொல்லுங்க."

கணவர் சொன்னார்.  நாத்தனார் அவளைப் பார்த்த பார்வையில் பழைய வாஷிங் மிஷின் தெரிந்தது.

சூடுகாற்று ஊதிக் கெப்பாசிட்டரை எடுத்தாள். மறுபடி மீட்டரை வைத்தாள். கீ என்றது. எடுத்ததைத் தனியாக அளந்தாள். அது குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தது. ஓரத்தில் இருந்தது வெறும் அழுக்கு.

எடுத்ததைப் போர்டின் பக்கத்தில் வைத்தாள். பிறகு, போர்டிடம்தான், மெல்லச் சொன்னாள்: "நான் சொன்னது தப்பு."

நகல் இயந்திரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அறை முழுவதும் கேட்டது.

நாத்தனார் கையில் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாள் கழிச்சாவது சொன்னியேம்மா" என்றார், நேராக அவளிடமே.

'எதை?' என்ற கேள்வி மீட்டரக்காவின் தொண்டைவரை வந்துவிட்டது. நாத்தனாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து கணவர் கேட்காதே என்பதுபோல் தலையை வேகமாக ஆட்டினார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் அவளுக்குக் காட்டிய முதல் ஜாடை அது.

"ஆமா அண்ணி" என்றாள். காது சுட்டது.

அதற்குமேல் ஊகம் வேண்டாம் என்று முடிவு செய்தாள். மின்சாரம் கொடுக்கும் பெட்டியை எடுத்து, ஒரே ஒரு வோல்ட் வைத்து, ஷார்ட் இருந்த வழியில் விட்டாள். போர்டின் மேல் ஆல்கஹாலைத் தூரிகையால் பூசினாள்.

"எதுக்கும்மா இது?"

"ஷார்ட் ஆன இடம் சூடாகும் அண்ணி. அங்க மட்டும் முதல்ல காயும். கண் கொட்டாம பார்க்கணும்."

இரண்டு தலைகளும் போர்டின் மேல் குனிந்தன. ஒரு பக்கம் ஒன்றும் காயவில்லை. திருப்பிப் போட்டுப் பூசினாள். நாத்தனார்தான் முதலில் விரலை நீட்டினார்.

"அங்க! அந்தக் கறுப்பு டேப் ஓரத்துல. காஞ்சிடுச்சு பாரு!"

டேப்பைப் பிரித்தாள். அடியில் இன்னொரு கெப்பாசிட்டர். அதைச் சுற்றி ஏதோ வழவழப்பாகக் காய்ந்திருந்தது. மீட்டரக்கா மோந்து பார்த்தாள்.

"இருமல் மருந்து" என்றாள்.

நாத்தனார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ஒரு மூடி அளவுதான் கொட்டிச்சு" என்றார்.

எடுத்தாள். மீட்டரை வைத்தாள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே மாதிரி வேறொன்றைப் பெயர்த்து ஒட்டி, முதலில் எடுத்ததையும் அதன் இடத்தில் வைத்து, சார்ஜரைச் செருகினாள். விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நூற்று நாற்பது நோயாளிகளும் பத்திரம்.

நாலு நாள் அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது கெப்பாசிட்டரை."

நாத்தனார் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். 

"சரி. இப்ப மிஷினைச் சொல்லு."

மீட்டரக்கா நின்றாள். உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு சொன்னாள். மொத்தம் மூன்று சொல். கால் மணி நேரம் ஆனது. அதுவரை நாத்தனார் தட்டச்சுப் பலகையைத் தொடவில்லை.

இப்போதெல்லாம் கடைக்கு யார் எதைக் கொண்டுவந்து என்ன கோளாறு என்று கேட்டாலும், "அளந்துட்டுச் சொல்றேன்" என்கிறாள். நாத்தனார் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடுகிறார், பெரும்பாலும் தன் இருமலைப் பற்றிப் பேச.