வரலாற்று ஆசிரியையின் மகள்

சிதம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியை. என் மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலிடம். பிளஸ் ஒன் சேர்க்கைக்குக் கிளம்பிய காலையில், "எனக்கு ஹிஸ்டரி குரூப் போதும்மா" என்றாள்.

"இவ்ளோ மார்க் வாங்கிட்டு அங்கயா போற? வேற எதுவும் கெடைக்காதவங்கதான் அதுல சேருவாங்க" என்றேன்.

ஸ்கூட்டியில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தபடி கேட்டாள்: "உன் கிளாஸ்ல இருக்கவங்களப் பத்தி இப்படித்தான் நெனைக்கிறியாம்மா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பினேன். அவள் கேட்ட குரூப்பிலேயே சேர்த்தேன்.

பள்ளி திறந்த அன்று என் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள எனக்கு அன்றுதான் முதல்முறையாகக் கூசியது.