ரோஸ்மேரி அக்காவும் ஒரு பூனைக் கீறலும்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் நோயை மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். அது எப்படி வந்தது என்பதை மட்டும் தங்கள் வசதிப்படி சொல்வார்கள். இலங்கை மலையகத்தில் பூனாகலைப் பக்கம் பத்து வருடமாக மருந்து கொடுக்கிறேன். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லார் கையிலும் கீறல்

கொழுந்து பறிக்கிற ரோஸ்மேரி அக்காவுக்கு அக்குளில் எலுமிச்சங்காய் அளவு நெறிகட்டி, கூடவே லேசான காய்ச்சல். முன்கையில் மூன்று கீறல்கள். பூனை பிறாண்டியதா என்று கேட்டேன்.

கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை, அதாவது மிலாறை, அடுப்புக்குப் பொறுக்குகிற காலம் அது. எந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாலும் கீறல்தான். அக்கா சொன்ன இந்தப் பதிலை நம்பிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினேன்:

"மிலாறு கிழிச்சதுங்க ஐயா. பூனையெல்லாம் நம்ம வீட்டுப் பக்கமே வராதுங்க."

சுண்ணாம்பு

இரண்டு வாரம் கழித்து வந்தார். கட்டி பெருத்திருந்தது, அதன்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் காய்ந்து கிடந்தன. புற்றுநோய் என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் முடிவே கட்டிவிட்டார்களாம். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அக்காவின் புருஷன் இறந்துவிட்டார். ஒரே மகள் செலின் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டே அக்கா கேட்டார்:

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஞாயித்துக்கிழமை போன்ல அவளுக்கு யாருங்க ஐயா முகத்தைக் காட்டுறது?"

சால்வைக்குள் வால்

அக்கா பதுளைக்குப் போகவில்லை. நாலு வார்த்தை திட்டலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய லயத்துக்கே போனேன். வீடியோ அழைப்பில் செலின் இருந்தாள். என்னைக் கண்டதும் அக்கா மடியில் இருந்ததைச் சால்வையால் மூடினார். வால் வெளியே ஆடியது. "அம்மா, பூனை பிறாண்டின கையை டாக்டர் ஐயாகிட்ட காட்டுனியா?" என்று செலின் குவைத்திலிருந்தே போட்டுடைத்தாள்.

தப்பு என் பக்கமும் இருந்தது. போன வருடம் இன்னொரு வீட்டில், கீறுகிற பூனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றேன். அந்த வீட்டுக்காரர் அதைச் சாக்கில் கட்டி மொனராகலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்தக் கதை தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. அக்கா அழுதுவிட்டார்.

"அவ விட்டுட்டுப் போனதுங்க ஐயா இது. போன் எடுத்ததும் மொதல்ல இதைத்தான் கேப்பா. இதையும் அனுப்பிட்டா நான் எதைக் காட்டுவேன்?"

பதுளையில்

மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, பூனை உயிரோடு வீட்டில் இருக்கிறதா என்பதுதான். கீறி மூன்று வாரத்துக்கு மேலாகியும் அது தின்று திரிவதால் விசர்நாய்க்கடி என்கிற ரேபிஸ் நோய்ப் பயம் இல்லை என்றார். கட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இது புற்றுநோய் இல்லை, பூனைக் கீறலால் வந்த காய்ச்சல் என்றார். அறுக்கக் கூடாது, அமுக்கக் கூடாது, சுண்ணாம்பும் கூடாது. ஐந்து நாள் மாத்திரை போதும், கட்டி மெல்ல வற்றும். பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வராமல் பார்த்து, கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் அது வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

அக்கா மருந்து எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நீட்டினார்.

"பூனை வீட்டுலயே இருக்கலாம்ங்கிறதையும் இதுல எழுதிக் குடுங்க டாக்டர், லயத்துல கேக்குறவங்களுக்குக் காட்டணும்."

அந்த நோய்க்கு ஐந்து நாள் மருந்துதான். பூனையைப் பறிக்க மாட்டேன் என்று ஒரு தாயை நம்ப வைக்கத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது.