பிரியாதிருந்த கலங்கள்

செல்வநாயகி இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். நோயாளியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த சதைத்துண்டை மெழுகில் பதிப்பார். அம்மெழுகை மெல்லிய நாடாவாகச் சீவி இளஞ்சூட்டு நீரில் மிதக்க விடுவார். பின்னர் அதனைக் கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயமூட்டுவார். அவருடைய வேலை அவ்வளவே. நோய் இன்னதென்று சொல்பவர் மருத்துவர் பரமலிங்கம். அவர் வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம் மிதிவண்டியில் வருவார்.

ஆயினும், வேலை முடிந்ததும் செல்வநாயகி ஒவ்வொரு தகட்டையும் பார்ப்பார். போரினால் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் நுணுக்குக்காட்டிக்கு வெயிலே விளக்கு. அடியிலுள்ள சிறு கண்ணாடியை யன்னற்பக்கம் திருப்பினால், பத்துமணி வெளிச்சம் தகட்டின் ஊடாக ஏறிக் கண்ணுக்குள் வரும். முகில் கடக்கையில் உள்ளே தெரியும் உலகம் மங்கும். முகில் விலகியதும் கத்தரிப்பூ நிறத்திலும் இளஞ்சிவப்பிலும் மறுபடி விடியும்.

அவ்வுலகில் இருந்தவை உடலின் உயிரணுக்களாகிய கலங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரு. இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் கலத்தை அரிதாகவே காணலாம். ஏனையவை ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடையில் இருப்பவை. அவர் படித்த பழைய பாடநூல் அதனை ‘ஓய்வு நிலை’ என்றது. அது பொருந்தாத பெயர். அசைவற்றதாகத் தோன்றும் அந்தக் கருவினுள் கண்ணுக்கெட்டாத இழைகள் கட்டவிழ்ந்து கிடக்கின்றன. கலம் உண்கிறது, வளர்கிறது. பிரிய வேண்டிய வேளை நெருங்கினால் ஒவ்வோர் இழைக்கும் துணையாக அதேபோன்ற இன்னோர் இழையைக் கட்டுகிறது. பிழை விழுந்த இடத்தைத் தேடித் திருத்துகிறது. இவ்வளவும் நடக்கையில் பார்ப்பவருக்குத் தெரிவது நீரடியில் கிடக்கும் கூழாங்கல் போன்ற ஒரு வட்டமே. கோயிலில் திரை மூடியிருக்க, உள்ளே அலங்காரம் நடக்கும் ஓசை மட்டும் கேட்குமே, அத்தகைய எதிர்பார்ப்போடு செல்வநாயகி அந்த வட்டங்களைப் பார்த்திருப்பார்.

புற்றுநோய் என்று மருத்துவர் எழுதிய தகடுகளில் பிரியும் கலங்கள் மிகுந்திருந்ததையும் அவர் கவனித்திருந்தார். ஆகவே, பிரியாதிருப்பது நன்மை, பிரிவது தீமை என்று தமக்குள் ஒரு விதியை வகுத்துக்கொண்டார். அதனை அவர் எவரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

1992ஆம் ஆண்டு பங்குனியில், அவருடைய தங்கை பூரணத்தின் மார்பிலிருந்து ஒரு கட்டியை வெட்டியெடுத்தார்கள். சண்டிலிப்பாயில் இருந்த தங்கை வீட்டுக்கு அன்று மாலையே செல்வநாயகி போனார்.

“என்னக்கா, என்ரை கட்டி போத்தலுக்கை நீந்துதோ?”

“விசர்க்கதை கதையாதை, பூரணம். வெள்ளிக்கிழமை தெரியவரும்.”

“வெள்ளி மட்டும் பொறுக்கேலாது. வெங்காயத்தாள் சாய்ஞ்சு போச்சு, கிண்டவேணும். நான் படுத்தால் உந்த மனிசன் தாளை இழுத்தெடுத்துப்போட்டுக் காயை மண்ணுக்கை விட்டிடும்.”

“ஓம், கிண்டத் தெரியாமல்தானே உன்னைக் கட்டினனான்!” என்று கிணற்றடியிலிருந்து அவளுடைய கணவர் ஏரம்பு குரல்கொடுத்தார்.

புதன்கிழமை தகடு ஆயத்தமாயிற்று. செல்வநாயகி கண்ணாடியைத் திருப்பினார். எங்கும் அமைதியான வட்டங்கள். அவர் மூச்சு விட்டார். பின்பு, நுண்ணிய பாற்குழாயொன்றின் ஓரத்தில் ஒரு கலத்தின் இழைகள் நடுவில் வரிசையாக நிற்கக் கண்டார். சற்றுத் தள்ளி இன்னொன்றில் அவை இரு பக்கமும் விலகிக்கொண்டிருந்தன. முகில் வந்து மூடிற்று. அது விலகும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தார். பிரிவின் பாதிவழியிலேயே உறைந்துபோன அவ்விரண்டும் அங்கேயே இருந்தன.

“தகடு இன்னும் காயேல்லை” என்று அன்று தங்கையிடம் சொன்னார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். பூரணம் அதன்பின் பகிடி விடவில்லை.

வெள்ளிக்கிழமை மருத்துவர் தகடுகள் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்தார். “என்னக்கா, அடியிலை ஒண்டை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?”

“என்ரை தங்கச்சியின்ரை, டொக்டர்.”

அவர் அதனையே முதலில் எடுத்தார். செல்வநாயகியால் பொறுக்க முடியவில்லை. “குழாய் ஓரத்திலை ரண்டு பிரியுது, டொக்டர். நான் பாத்தனான்.”

“பாத்தனீங்களோ?” என்று நிமிர்ந்தவர், மீண்டும் குனிந்து நெடுநேரம் தேடினார். “ஓம், பிரியுதுதான். வடிவாய்ப் பிரியுது. பிரியாமல் விட்டிருந்தால் நாங்களெல்லாரும் ஒற்றைக் கலமாயெல்லோ திரிவம்? சுத்திவரப் பாருங்கோ. வரிசை குழம்பேல்லை, வேலி பாய்ஞ்சு ஒண்டும் வெளியிலை போகேல்லை. உது கெடுதல் இல்லாத நார்க்கட்டி.” பேனாவைத் திறந்தவர் சற்று நின்றார். “ரண்டு நாளாய்த் தனியப் பயந்துகொண்டோ இருந்தனீங்கள்? ஆள் அனுப்பியிருந்தால் வந்திருப்பனே.”

செல்வநாயகி மறுபடி குனிந்து பார்த்தார். அசையாதிருந்த அத்தனை வட்டங்களும் என்றோ ஒருநாள் அவ்வாறு பிரிந்து வந்தவையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கெடுதல் இல்லையென்று அறிந்து, திங்கட்கிழமை தையல் வெட்டிக்கொள்ள வந்த பூரணம் ஆய்வுகூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். “எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோவன்.” ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

“அக்கா, உது எனக்குள்ளையோ இருந்தது? சேலைக்கரை மாதிரியெல்லோ கிடக்குது!”

“ஓம்.”

தாதி இருமுறை பெயர் சொல்லி அழைத்த பின்னரும் பூரணம் கண்ணை எடுக்கவில்லை.