பந்தைத் தட்டியவன்

வெளிநாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் நான்கு வருடம் பை தூக்கினேன். மட்டைகள் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு ஆட்டக்காரருக்குப் பின்னால் நடப்பதும் பந்து விழுந்த இடத்தைக் காட்டுவதும்தான் வேலை. எங்களுக்கு மேலாளாக இருந்தவர் சம்மாந்துறைக்காரர். நான் பக்கத்து ஊர் கல்முனை என்றதும் ஊர்ப்பிள்ளை என்று சேர்த்துக்கொண்டார். அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

விதிப் புத்தகத்தை நானாக வாசித்துப் பாடமாக்கியிருந்தேன். பந்தைத் தேடும்போது தவறிக் கால் பட்டால் குற்றமில்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில் தட்டுப்பட்டாலும் குற்றமில்லை. மற்ற இடங்களில் தண்டமாகக் கணக்கில் ஒரு அடி கூடும்; அடி குறைந்தவர்தான் வெல்வார். பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். ஆட்டக்காரர் தட்டினாலும் பை தூக்குகிறவன் தட்டினாலும் அதே ஒரு அடிதான்.

அன்று போட்டி. என் ஆள் ஒரு பெரிய அதிகாரி. நீளப் புல்லில் கிடந்த பந்தருகே நின்று போனில் கதைத்தபடி திரும்பினார். சப்பாத்துக் கால் பட்டு, பந்து ஒரு சாண் உருண்டது. பந்து அசைந்ததா என்று எதிராளி கேட்டார். இவர் என்னைக் காட்டி, பையை வைக்கும்போது இவன்தான் தட்டினான் என்றார்.

யார் தட்டினாலும் அவருக்குக் கூடுவது ஒரு அடிதான். பொய்யால் மிஞ்சியது அவருடைய மரியாதை மட்டும். அந்த ஒரு அடியில் தோற்றார். என் மேல் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார்.

காக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். மைதான அலுவலகத்தில் விசாரித்தபோது, தான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து என் தோளில் கை வைத்தார்.

"நீ ஒண்டும் கதைக்காம இரி, தம்பி. எனக்கும் புள்ளைகள் இரிக்கி."

எனக்கும் இருந்தார்கள். அந்தக் கிழமையே விசாவை வெட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் இருப்பது மனைவி வீட்டில். களவெடுத்துத்தான் அகப்பட்டிருப்பேன் என்று மச்சான்மார் முடிவுகட்டினார்கள். ஒரு பந்து ஒரு சாண் உருண்டதற்கு ஆளை அனுப்புவார்களா என்று கேட்டார்கள். எனக்கே நம்ப முடியாத கதையை அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், லீவில் வந்திருந்த காக்காவைக் கண்டேன். நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் என் சஹன் தட்டிலேயே வந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நீங்க பாத்தீங்க தானே, காக்கா?"

"ஓம், பாத்தன்," என்றார் சோற்றைப் பிசைந்தபடி.

அதை என் மச்சான்மாரிடம் ஒருதரம் சொல்லும்படி கேட்டேன். முடிந்துபோன கதையை ஏன் கிளற வேணும் என்றவர், நல்ல இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவைத்தார். சஹனில் இருந்த மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று அதைச் சாப்பிட்டேன்.