பேச்சில்லாத இடம்

திரையில் ஆசிரியர் தொண்டையைக் கனைக்கும்போதே அவள் விரல் விசைப்பலகைக்குப் போய்விடும். "இப்ப கஷ்டமான இடம் வருது பாருங்க" என்பாள், பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும்.

அலுவலகத்தில் அவளுக்குத் 'தையல்காரி' என்று பெயர். வேலை அப்படி. காணொளிப் பாடங்களில் எந்தக் கருத்து எங்கே தொடங்குகிறது, அதற்கு முன்னால் எது புரிந்திருக்க வேண்டும் என்று குறித்து, ஒன்றோடொன்று இணைப்பாள். மாணவர் கேள்வியைத் தட்டினால், இயந்திரம் அந்த இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் பாடத்தை ஓடவிடும். வீட்டிலும் இதே புத்திதான். கணவர் ஏதாவது சொன்னால், "முன்னாடி சொன்னதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

இப்போது அவள் கையில் இருப்பவை, இறந்துபோன ஒரு கணித ஆசிரியரின் பாடங்கள். நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதுவரை அத்துப்படி.

போன வாரம் புகார்கள் வரத் தொடங்கின. எதைக் கேட்டாலும் இயந்திரம் ஒரே இடத்துக்குப் போகிறதாம். அங்கே ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் பார்த்தபடி நிற்கிறார். பேச்சே இல்லாத இடத்தில் அவள் எதையும் குறிக்கவில்லை. ஆனாலும் எல்லாப் பாடங்களிலிருந்தும் அங்கே இணைப்புகள் ஓடின. அவற்றை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை எல்லாம் திரும்ப முளைத்திருந்தன.

"ஏதோ கோளாறு. அந்தத் துண்டை வெட்டிடறேன்" என்றார் மென்பொருள் பொறியாளர்.

"அவசரப்படாதீங்க. மனுஷன் சும்மா நிக்கலை. யாரையோ பார்க்கறார்."

"யாரை? தனியா ரூம்ல நின்னு அவரே எடுத்துக்கிட்ட படங்க இது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லைன்னா வெட்டிடுவேன்."

அவள் தன் அறைக்கு வந்தாள். வெயில் மேசைவரை ஏறியிருந்தது. மாணவர்கள் தட்டும் பெட்டியில் முதல்முறையாகத் தானே கேட்டாள்: 'யாரைப் பார்க்கறீங்க சார்?'

இம்முறை இயந்திரம் அந்த மௌனத்துக்குப் போகவில்லை. அவள் இன்னும் கேட்டிராத ஒரு பாடத்தின் நடுவில் நின்றது. ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கடைசி பெஞ்சில தனியா உட்கார்ந்திருக்கீங்களே, அம்மா. நான் பேசறது கேக்குதா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்ல, வலக்கையைத் தூக்கினாள்.