ஏழுமலையின் இடது கண்ணும் என் ஃபேஸ் ஷீல்டும்

பாதுகாப்புச் சாமான் விற்கிற தொழிலில் வாங்குகிறவர் ஒருவர், மாட்டிக்கொள்கிறவர் இன்னொருவர். இரண்டு பேரிடமும் பேச்சு வாங்குகிறவர் மூன்றாமவர், அதாவது நான்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கடை எங்களுடையது. கையுறை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் உண்டு. முதலாளி கடைக்குள் ஃபேனுக்கு அடியில் இருப்பார். ஸ்கூட்டரில் பட்டறை பட்டறையாகச் சுற்றுவது நான். இத்தனை சாமானிலும் எனக்கு உயிர் ஃபேஸ் ஷீல்டுதான். தலையில் ஒரு பட்டை, அதிலிருந்து மோவாய்க்குக் கீழே வரை இறங்குகிற ஒரு தெளிவான தகடு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கையிலிருக்கும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பேசுவேன். 'ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு போங்கள்' என்று வீட்டில் தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

கொரோனா பெட்டி

எபினேசர் சார் செம்பாக்கத்தில் கேட், கிரில் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். அங்கே இரும்பு வெட்டுவதில் முதல் கை ஏழுமலை. போன வருடம் பறந்து வந்த இரும்புத் துணுக்கு ஒன்று அவருடைய வலது கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கண்ணுக்கு எல்லாம் நிழல் மாதிரிதான் தெரிகிறது. மிச்சம் இருப்பது இடது கண் ஒன்றுதான். பெயின்ட் அடிக்கிற பக்கம் போய்விடு என்று சார் கெஞ்சிப் பார்த்தாராம். ஏழுமலை ஒரு நாள் பெயின்ட் அடித்துவிட்டு மறுநாள் மறுபடி கட்டிங் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சார் எனக்கு போன் போட்டார்.

நான் போனபோது பட்டறையில் எல்லோரும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் விற்கிற கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சார் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். உள்ளே கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான ஷீல்டுகள். இதையே மாட்டச் சொல்லட்டுமா, எதற்குப் புதிது என்று கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஏனென்றால் இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். அதில் ஒன்றை ஸ்டாண்டில் கட்டி, ஏழுமலையிடம் அதன் மேல் தீப்பொறி அடிக்கச் சொன்னேன். தகடு அம்மைத் தழும்பு போல ஆகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன், நேராக உள்ளே போனது. பிறகு நான் கொண்டுபோன கெட்டித் தகட்டைக் கட்டி அதே குத்து. கீறல் விழுந்தது, அவ்வளவுதான். இதற்குள்ளேயும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், கீழ்ப்பக்கமாகத் துள்ளி வருவதை ஷீல்டு தடுக்காது என்றும் சொல்லி முடித்தேன். சார் பெட்டியை மூடினார்.

"எச்சிலுக்கு வாங்கினதை நெருப்புக்கு மாட்டப் பாத்தேனே மேடம்."

புதுசு புதுசாகவே இருக்கட்டும்

தலைக்குத் தலை அளவு பார்த்து, பின்னால் திருகியைத் திருப்பி இறுக்கி, குனிந்தால் மார்பில் இடிக்கிறதா, நிமிர்ந்தால் கழுத்து தெரிகிறதா என்று சோதித்து, ஆளுக்கு ஒரு ஷீல்டும் உள்ளே ஒரு கண்ணாடியும் மாட்டிவிட்டு வந்தேன். கிளம்பும்போது ஏழுமலை மட்டும் ஒரு விஷயத்தை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவருக்கு இருப்பது ஒரு கண். கோடு தெளிவாகத் தெரிந்தால்தான் வெட்ட முடியும். தெரியாவிட்டால் ஷீல்டை மேலே தூக்கிவிடுவார், அப்புறம் நான் வருத்தப்படக் கூடாது. நியாயம்தான். அந்தத் தகட்டைத் தெளிவாக வைத்திருக்க வேண்டியது இனி என் பொறுப்பு என்று புரிந்துகொண்டேன்.

கொஞ்ச நாளில் சாரிடமிருந்து போன். ஷீல்டு எல்லாம் புகை படிந்தாற்போல இருக்கிறது, ஏழுமலை தூக்கிவிட்டுக்கொண்டுதான் வெட்டுகிறான், மாற்றிக் கொடுங்கள் என்றார். போட்டது போட்டபடி ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், கம்பெனி ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஒருவர்கூடப் பிரிக்கவில்லை! முன்பக்கமும் இருக்கிறது, பின்பக்கமும் இருக்கிறது. ஒருவர் மட்டும் புத்திசாலித்தனமாகக் கண்ணுக்கு நேரே வட்டமாக வெட்டி எடுத்திருந்தார். மாட்டிவிட்ட நானும் அளவு பார்த்த ஜோரில் இதைக் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற ஏழுமலையின் பைக்கைப் பார்த்தேன். சீட்டில் ஷோரூம் கவர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் இருந்தது. நான் ஒவ்வொரு உறையாக உரிக்க உரிக்க, ஏழுமலையின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"பிரிச்சிட்டா அன்னிக்கே பழசாயிடும்க்கா."

மரியாதை

உறையைப் பிரித்த பிறகு ஏழுமலை அடியோடு மாறிவிட்டார். உலகமே கழுவிவிட்ட மாதிரி தெரிகிறதாம். ஷீல்டைத் தூக்குவதே இல்லை என்று சார் போனில் சொன்னபோது நான் கடையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். முதலாளி என்ன ஆர்டர் என்று கேட்டார். ஆர்டர் ஒன்றுமில்லை, ஏழுமலை ஷீல்டை முகத்துக்கு இறக்கிவிட்டு வெட்டுகிறார் என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி ஃபேனுக்கு அடியில் போய்விட்டார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அடுத்த முறை நான் போனபோது ஏழுமலை ஷீல்டை மறுபடி நெற்றிக்கு மேலே ஏற்றிவைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். தகடு முழுக்க மெல்லிய வெடிப்புகள், பாலாடை படிந்தது போல ஒரு மங்கல். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பெருமையாகத் தின்னர் டப்பாவைக் காட்டினார். பெயின்ட் கரைக்கிற அதே தின்னர். தினமும் சாயங்காலம் அதில் துணியை முக்கித் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். மற்றவர்கள் ஷீல்டைத் துடைக்கவே இல்லை, அதனால் அவை பிழைத்தன. பட்டறையிலேயே அக்கறையாக வைத்துக்கொண்டவருடையதுதான் பாழாகிப்போனது. எனக்குக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. தின்னர் பட்டால் தகட்டின் வலு போய்விடும், அடி தாங்காது என்று விளக்கினேன். பட்டை அப்படியே இருக்கட்டும் என்று தகட்டை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டினேன். முதலில் தண்ணீர் விட்டு இரும்புத் தூளைப் போக்க வேண்டும், பிறகு துளி சோப்பு, பிறகு மெத்தென்ற துணி; காய்ந்த துணியால் தேய்த்தால் தூளே கீறிவிடும். எல்லாவற்றையும் செய்து காட்டினேன். ஏழுமலைக்கு மனசே ஆறவில்லை.

"சும்மா தண்ணில கழுவுனா மருவாதியா இருக்காதுன்னு நெனச்சேன்க்கா."

சாமி பெயரால்

எபினேசர் சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பட்டறை ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கிவருவது அவர்தான். ஆட்கள் படைப்பார்கள், சார் கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நிற்பார், பிறகு எல்லோருக்கும் முன்னால் பொரி சாப்பிடுவார். இந்த முறை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், சுத்தியல், எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் வரிசையாக என் ஷீல்டுகள்! ஒவ்வொன்றுக்கும் குறுக்கே மூன்று விரலால் விபூதிப் பட்டை, அதன் மேல் சந்தனம், குங்குமம். வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து என் சாமானை ஒருவரும் கருவியாக மதித்ததில்லை. கண் கலங்கிவிட்டது. கை நிறையப் பொரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாளில் ஏனோ மனசு கேட்காமல் அந்தப் பக்கம் போனேன். நினைத்தது சரி. சாமிக்கு வைத்ததை யாரும் துடைக்கவில்லை, தானாக உதிர்கிற வரை துடைக்கவும் மாட்டார்களாம். ஏழுமலைக்கு அந்தக் குங்குமம் சரியாக இடது கண்ணுக்கு நேரே. ஷீல்டு தலைமேல் ஏறிவிட்டது, வெறும் கண்ணாடியோடு தீப்பொறிக்குள் குனிந்து நிற்கிறார். நான் அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். பொட்டைத் தலைப்பட்டையில் வையுங்கள், தகட்டைக் கழுவிவிடலாம் என்றேன். பட்டையில் வைக்கச் சம்மதம். ஆனால் தகட்டைக் கழுவ ஒருவரும் கையை நீட்டவில்லை. எனக்கே கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எபினேசர் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கலக்கிவந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஷீல்டாக வாங்கிக் கழுவ ஆரம்பித்தார்.

"தப்புன்னா என் மேல போடுங்கப்பா. ஞாயித்துக்கெழம நான் பேசித் தீத்துக்கறேன்."

வெட்டுச் சக்கரம்

நான் கடைசியாகப் போனது போன வாரம். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே உள்ளே ஏழுமலை ஒரு பைப்பை வெட்டுவது தெரிந்தது. ஷீல்டு மோவாய்க்குக் கீழே வரை இறங்கியிருந்தது. அதைப் பார்த்த நிம்மதியில் சாவியை எடுத்தேன். வெட்டு முடிகிற இடத்தில் பைப் சாய்ந்து கட்டிங் மெஷினின் சக்கரத்தை நெருக்கியது. டமால் என்று ஒரு சத்தம். வெட்டுச் சக்கரம் தெறித்துவிட்டது. ஏழுமலை பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடியது எனக்கு நினைவில்லை. எபினேசர் சார் ஏசப்பா ஏசப்பா என்றபடி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவந்தார். ஏழுமலை அசையாமல் இருந்தார். பிறகு மெதுவாக ஷீல்டைத் தூக்கினார், உள்கண்ணாடியைக் கழற்றினார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் சுவரைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெரிகிறது என்று தலையை ஆட்டினார்.

சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஷீல்டைக் கையில் வாங்கினேன். இடது கண்ணுக்கு நேரே நகம் பதிகிற ஆழத்துக்கு ஒரு வெட்டு, அதிலிருந்து ஓரம் வரை ஒரு விரிசல். தகட்டைத் தாண்டி உள்ளே எதுவும் வரவில்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை இனிமேல் போடக் கூடாது, ஒரு முறை அடி வாங்கிய தகட்டை நம்பக் கூடாது என்று எப்படிச் சொல்வது, இதற்கும் ஒரு வாதம் வருமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு என் கையிலிருந்த தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"வேற குடுக்கா. இதுல கோடு தெரியாது."

விற்ற சாமான் உடைந்துபோய்த் திரும்பி வந்ததற்காக வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டியவள் இந்த ஜி.எஸ்.டி. சாலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.