மாமாவோடு வந்த ராஜா

அந்த முறை விடுப்பில் வந்தபோது மாமா ஒரு ராஜாவையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வளைகுடாவில் அவர் லாரி ஓட்டிய நாட்டின் மன்னர். வழவழப்பான காலண்டரில் வெள்ளை அங்கியோடு, யாரையும் பார்க்காத பார்வையோடு நின்றார். தொழுகிற இடத்தில் உருவப்படம் ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டதால், மன்னருக்கு நடையில் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

எனக்கு அப்போது பத்து வயது. தொண்ணூறுகளின் கடைசி. வெள்ளாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருந்தார். விடுப்பில் வந்தால் தூங்குவார்கள், விருந்துக்குப் போவார்கள். அம்மாவின் தம்பியான இந்த மாமாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளாது. விடிந்ததிலிருந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார். கரண்ட் போனாலும் பஸ் வராவிட்டாலும், "எங்க நாட்டுல இப்புடிக் கெடையாது" என்பார்.

"எது மாப்ள ஒங்க நாடு?" என்பார் அத்தா.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பெரம்பலூரில் ஜவுளிக்கடை. ஆகஸ்ட் பதினைந்து வந்தால் கடை வாசலில் தானே கொடியேற்றி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பார். நமக்கு ராஜா கிடையாது என்பதை, ஏதோ தானே முன்னால் நின்று ராஜாவைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டவர்போலச் சொல்வார். சாப்பிட உட்கார்ந்தால் இருவருக்கும் இதே பேச்சுதான்.

"அங்க ராஜா ஒரு வார்த்த சொன்னாப் போதும் மச்சான், பாலைவனத்துல ரோடு கெடக்கும். ஓட்டுப் போட்டு நீங்க என்னத்தக் கண்டீங்க?"

"திட்டலாம்ல. ஓட்டு வாங்கிட்டுப் போனவன நாலு பேரு முன்னாடி திட்டுவேன். ஒன்னால ஒங்க ராஜாவத் திட்ட முடியுமா?"

மாமா எழுந்துபோய் சன்னலைச் சாத்துவார். வெயிலுக்காக என்று நினைத்துக்கொள்வேன். இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடப் புத்தகம் அத்தாவின் பக்கம் இருந்தது. சாக்லேட் மாமாவிடம் இருந்தது.

அந்தக் கோடையில் குடிநீர் மோட்டார் பழுதாகி, தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனது. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் ஊரே குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தது. முதல் வரிசையில் அத்தா. பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு நான். அரியலூர்ப் பக்கமிருந்து வந்த சிமெண்டு லாரிகள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. போலீஸ் வேன் வரும்வரை ஏதோ திருவிழாபோலத்தான் இருந்தது.

வேன் நின்றதும் எங்கிருந்தோ மாமா ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. கூட்டத்துக்குள் புகுந்து அத்தாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிங்க மச்சான். பேரு எழுதிக்குவானுங்க."

"சும்மா உக்காரு மாப்ள. ஒண்ணும் ஆவாது."

"ஒங்களுக்குத் தெரியாது மச்சான். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பின்னால் இருந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கிட்டே வந்ததும் மாமா அத்தாவின் கையை விட்டுவிட்டு, பத்து வயதுப் பெண்ணான என்னைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். என் குடம் ரோட்டில் உருண்டது. வெட்கம் தாங்காமல் அவர் முதுகில் குத்திக்கொண்டே போனேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்துவிட்டாள். ஆண்களையெல்லாம் வேனில் ஏற்றிப் போய்விட்டார்களாம். "சாயங்காலம் விட்ருவாங்க தம்பி, எப்பவும் அப்புடித்தான்" என்றாள். மாமாவின் காதில் அது ஏறவில்லை. தன் பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் புதைத்தார். மறுபடி எடுத்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் எழுந்து நின்றார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரத்துக்கு அத்தா நடந்தே வந்தார். கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்திருந்தார்களாம். எலுமிச்சம் சாதம் போட்டார்களாம், உப்புதான் கம்மியாம். டவுனிலிருந்து வந்த அதிகாரியை ஒரு பிடி பிடித்த கதையை அவர் சொல்லச் சொல்ல, மாமா அவருடைய முகத்தையும் முதுகையும் கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடிக்கலயா?"

"எதுக்கு அடிக்கணும்?"

மாமா தரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

"போன வருசம் நாங்க தங்கியிருக்க கேம்ப்புலயும் தண்ணி வரல. எல்லாரும் போயி கம்பெனி கேட்டுல உக்காந்தோம். என் ரூம்ல ஒரு பையன், திட்டக்குடிப் பக்கம். அவன்தான் முன்னாடி உக்காந்தான். கூட்டிட்டுப் போயி, போட்டிருந்த துணியோட பிளேன்ல ஏத்திட்டாங்க. இந்தத் தடவ வந்ததும் அவனத் தேடிப் போனேன். இருக்கான். ஆனா என்கிட்ட பேச மாட்டேங்குறான்."

"நீ என்ன செஞ்ச?" என்று அத்தா கேட்டார்.

"போலீஸ் வண்டியப் பாத்ததும் எந்திரிச்சு வந்துட்டேன்."

பிறகு தலையை நிமிர்த்தி, "ராஜாவுக்கு இதெல்லாம் தெரியாது மச்சான். தெரிஞ்சா விட மாட்டாரு" என்றார். முதல்முறையாக அத்தா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் ஏன் இப்படிக் கம்மென்று இருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மோட்டார் உடனே சரியாகவில்லை. அத்தா தினமும் திட்டினார். திட்டும்போது மாமாவின் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

மாமா திரும்பிப் போகிற அன்று மதியம், பழம் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தார். வெயிலில் ரோடு காலியாகக் கிடந்தது. "இங்கயே நில்லு புள்ள" என்று என்னைப் புளியமர நிழலில் நிறுத்திவிட்டு, நடு ரோட்டுக்குப் போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, பயணத்துக்காகத் தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. மாமா எழுந்திருக்கவில்லை. டிரைவர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். மாமா அதை முழுக்கக் கேட்டுவிட்டு, நிதானமாக எழுந்து, பின்பக்கம் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

வீட்டுக்கு ஓடிப்போய், மாமாவுக்குத் தலைசுற்றி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னேன். அம்மா பதறிப்போய் எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சீனியும் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். மாமா இல்லையென்று சொல்லவில்லை. வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.